கண்ணாடி ஷோரூமில் ஆயுத பூஜை

மாமா வேலை பார்த்த ஷோரூமுக்குள் வெயிலுக்கு அனுமதி கிடையாது. வெளியே சேலம் பைபாஸில் தார் இளகிக்கொண்டிருக்கும். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் மார்கழி மாதம். தரை எப்போதும் இப்போதுதான் துடைத்ததுபோல் பளபளக்கும் என்பதால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பேன். நடுவில் ஒரு பெரிய கறுப்புக் கார் நிற்கும். விடுமுறை நாட்களில் அதன் பின் சீட்டில் படுத்துக்கிடப்பதுதான் எனக்குப் பிடித்த காரியம். அங்கிருந்து பார்த்தால் பைபாஸில் போகிற லாரிகளெல்லாம் நீல நிறத்தில், சத்தமே இல்லாமல், கிணற்றுத் தண்ணீருக்கு அடியில் போவதுபோல் போகும். அமெரிக்கா இப்படித்தான் இருக்கும் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. அந்த ஷோரூமுக்கு மேனேஜர். கார்களோ ஒரு அமெரிக்கக் கம்பெனியுடையவை. நான் எந்தக் காரில் வேண்டுமானாலும் ஏறலாம், சீட்டில் குதிக்கலாம், ஆனால் ஹாரன் விஷயத்தில் மட்டும் ஒரு கட்டுப்பாடு.

"ஆரனை மட்டும் தொட்றாத சாமி. சத்தம் போட்டா மெட்ராஸ் ஆபீசுக்கே கேட்டுரும்" என்பார்.

நான் அதை அப்படியே நம்பினேன். கம்பெனி சட்டதிட்டம் எதையும் மாமா மீறி நான் பார்த்ததில்லை. சுட்டெரிக்கும் சித்திரையிலும் டையைத் தளர்த்தமாட்டார்.

எங்கள் வீடு நாமக்கல்லில். அப்பா லாரிக்காரர். மாமாவும் அப்பாவோடு லாரித் தொழிலில் இருந்தவர்தான். அதை உதறிவிட்டு, கிரீஸ் ஒட்டாத வேலை வேண்டும் என்று போனவர். அடுத்த தை மாதம் அவருக்குக் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அமெரிக்கக் கம்பெனி மேனேஜர் என்ற ஒரே காரணத்துக்காகப் பெண் வீட்டார் சம்மதித்திருந்தார்கள். அதனால் அந்த ஷோரூம் நிலைப்பதும் மாமா நிலைப்பதும் ஒன்றுதான் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

அந்தக் கம்பெனி முதலில் அனுப்பிய கார் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. கதவைச் சாத்தினால் தொம்மென்று லாரிக் கதவுபோல் சத்தம் வரும். அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, வெள்ளை வேட்டியோடு காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, வேறு எதையும் விசாரிக்காமல் வாங்கினார். அவரைப் பார்த்து அவருக்குத் தெரிந்தவர்களும் வாங்கினார்கள். எல்லோருக்கும் பிடித்திருந்ததனாலோ என்னவோ, கம்பெனி அந்தக் காரை நிறுத்திவிட்டது. அடுத்து வந்த கார் ராசிபுரம் ரோட்டு வேகத்தடை ஒவ்வொன்றிலும் வயிறு தேய்த்துக்கொண்டு போனது. அதற்கடுத்த காரின் விளம்பரப் பலகையை மாட்டி முடிப்பதற்குள் அதுவும் நின்றுபோனது. மெட்ராஸ் ஆபீசில் மேலதிகாரிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு புது அதிகாரியும் வந்ததும் ஷோரூம் சோபாவின் நிறத்தை மாற்றச் சொன்னார். சோபா சிவப்பாகி, சாம்பலாகி, மறுபடியும் சிவப்பானது. உதிரிபாகம் மட்டும் வரவேயில்லை.

எங்கள் காரில் அம்மா உட்காரும் பக்கத்துக் கண்ணாடி ஒருநாள் கீழே இறங்கியது, பிறகு ஏறவில்லை. அதற்கான சுவிட்ச் கப்பலில் வர வேண்டும் என்றார் மாமா. கப்பல் வருவதாகத் தெரியவில்லை. அப்பா லாரித் தார்ப்பாயில் ஒரு துண்டை வெட்டி ஜன்னலில் கட்டிவிட்டார். அமெரிக்கக் காரில் தார்ப்பாய் படபடக்க நாங்கள் கல்யாணங்களுக்குப் போய்வந்தோம்.

"மாப்ள, உங்க கம்பெனிக்கு வண்டி செய்யத் தெரியுது. செஞ்ச வண்டிய வெச்சிருக்கத்தான் தெரியல" என்பார் அப்பா.

"எல்லாஞ் செரியாப் போயிருங்க மச்சான். புதுசா வந்திருக்கிற ஆபீசர் நல்லவருங்க" என்பார் மாமா. வந்த எல்லா ஆபீசர்களைப் பற்றியும் அதைத்தான் சொன்னார்.

கல்யாணம் நிச்சயமான அந்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சற்று முன்னால் மாமா வீட்டுக்கு ஓடி வந்தார். அமெரிக்காவிலிருந்தே ஒரு பெரிய அதிகாரி வருகிறாராம், பூஜை அன்றைக்கே வருகிறாராம். எந்த ஷோரூமை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்பதை அவர் நேரில் பார்த்துத்தான் சொல்வாராம். மாமாவுக்கு ஒரு யோசனை இருந்தது. கார் வாங்கிய அத்தனை பேரையும் காரோடு வரச்சொல்லி, ஷோரூம் வாசலிலேயே வரிசையாக நிறுத்திப் பூஜை போடுவது. சேலம் ஜனங்கள் இந்தக் காரைச் சாமியாகக் கும்பிடுவதை அந்த மனிதர் கண்ணால் பார்த்துவிட்டால், அப்புறம் எப்படி மூட மனசு வரும்?

"மச்சான், அன்னைக்கு ஒரு நாளைக்கு அந்தத் தார்ப்பாய மட்டும் கழட்டிருங்க" என்று கெஞ்சினார். அப்பா முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார்.

பூஜை அன்று வானம் காலையிலிருந்தே மூடிக்கொண்டிருந்தது. நாங்கள் மல்லூர் தாண்டுவதற்குள் சாரல் பிடித்து, அம்மாவின் பட்டுப்புடவை ஒரு பக்கம் நனைந்துவிட்டது. ஆனால் ஷோரூம் வாசலைப் பார்த்ததும் அம்மாவே அதை மறந்துபோனாள். அத்தனை காரும் வாழைக்கன்றும் செவ்வந்தி மாலையுமாக மழையில் நனைந்து நின்றன. எனக்கு அது தேர்த்திருவிழாபோல் இருந்தது. அமெரிக்கர் நடுவில் நின்றார். கழுத்தில் மாலை, நெற்றியில் குங்குமம். அவருக்கு அருகில் மெட்ராஸ் ஆபீஸ்காரர் ஒருவர் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

மாமா ஒன்றை யோசிக்காமல் விட்டுவிட்டார். கார்க்காரர்கள் எல்லோரும் வந்தது பூஜைக்கு மட்டுமல்ல. இவ்வளவு பெரிய அதிகாரி கையில் கிடைத்தால் குறையைச் சொல்லாமல் விடுவார்களா? ஆனால் நல்ல நாளும் அதுவுமாக விருந்தாளியிடம் வெறுங்கையோடு போய்க் குறை சொல்வது முறையில்லை. அதனால் ஆளுக்கொரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம் வைத்து, நடுவில் உடைந்துபோன பாகத்தையும் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஆயுத பூஜை ஆயிற்றே என்று அதற்கும் சந்தனப் பொட்டு இட்டிருந்தார்கள்.

முதலில் திருச்செங்கோட்டிலிருந்து வந்த போர்வெல் வண்டிக்காரர் தட்டை நீட்டினார். தட்டில் பொட்டு வைத்த முன்விளக்கு ஒன்று இருந்தது.

"ஏனுங்க, நல்ல வண்டிங்க, கொறை சொல்றதுக்கில்லீங்க. இந்த ஒன்னை மட்டும் அனுப்பிவுடச் சொல்லுங்க. ஒத்தக் கண்ணு வண்டியில எத்தன நாளைக்குங்க போறது?"

அமெரிக்கர் மாமாவைப் பார்த்தார். மாமா இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அமெரிக்கர் முகம் மலர்ந்து, முன்விளக்கை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்து வெண்ணந்தூர்த் தறிக்காரர் கதவுக் கைப்பிடியோடு வந்தார். அதையும் ஒற்றிக்கொண்டார். அப்பா கடைசியாகக் கண்ணாடி சுவிட்சை ஒரு பழத்தின் மேல் சாய்த்து வைத்து நீட்டினார். அந்த மனிதர் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்.

"என்னன்னு சொன்னே மாப்ள?" என்று அப்பா கேட்டார்.

"கம்பெனி நல்லாருக்கோணும்னு எல்லாரும் வேண்டிக்கிறாங்கன்னு சொன்னனுங்க."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா சிரிக்கவில்லை.

மழை வலுத்தது. எல்லோரும் வாசல் கூரைக்குக் கீழே ஒதுங்கிப் பொரியும் சுண்டலும் சாப்பிட, நான் நழுவிப்போய் என் கறுப்புக் காரின் பின் சீட்டில் படுத்துக்கொண்டேன். கண்ணாடிச் சுவர் முழுக்கத் தண்ணீர் வழிந்தது. வெளியே மாலை போட்ட கார்கள் கரைந்து மஞ்சளும் பச்சையுமாக ஓடின. எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. விழித்தபோது கார் மிதந்துகொண்டிருப்பதுபோல் இருந்தது. அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்றே நினைத்தேன். ஏனென்றால் ஜன்னலுக்கு வெளியே அந்த அமெரிக்கர் நின்றுகொண்டிருந்தார்.

நான் படுத்திருப்பதை அவர் பார்க்கவில்லை. காரின் மூக்கில் யாரோ வைத்திருந்த குங்குமத்தை விரலால் தொட்டு, அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். மாற்றலாகிப் போகும்போது எங்கள் டீச்சரின் முகம் இருந்ததே, அப்படி இருந்தது அவர் முகம். குடை பிடித்தவர் கண்ணாடிக் கதவின் அகலத்தை நாடாவால் அளந்தார். பிறகு காரை அளந்தார். பிறகு போனில் யாரிடமோ பேசினார்.

"கதவு அகலம் போதும் சார். பெரிய வண்டிகூடத் தாராளமா போகும். ரெண்டு லாரி அனுப்பினா ஒரே நாள்ல வேலை முடிஞ்சிடும்."

எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. லாரிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு லாரி வருகிறதென்றால் தெரியாதா? சரக்கு வருகிறது, புதுக் கார்கள் வருகின்றன, மாமா ஜெயித்துவிட்டார்! அவர்கள் நகர்ந்ததும் வாசலுக்கு ஓடினேன். மழை விட்டிருந்தது. மாமா பூசணிக்காயின் மேல் சூடத்தைக் கொளுத்திக் கையில் ஏந்தி நின்றிருந்தார். நான் கேட்டதையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

மாமா என்னையே பார்த்தார். சூடம் அவர் கைக்கருகில் எரிந்தது.

"லாரி லோடோட வருதா சாமி, காலியா வருதா?"

"அது கேக்கலீங்க மாமா."

"செரி, செரி" என்றார். "லோடோடதான் வரும்."

கார்களைச் சுற்றிவந்து, பூசணிக்காயைத் தலைக்குமேல் தூக்கி ஓங்கிப் போட்டார். ஷோரூம் வாசலில் உடைக்கக் கூடாது, ரோட்டோரத்தில்தான் உடைக்க வேண்டும் என்பது கம்பெனி சட்டம். மாமா வாசல் படியிலேயே உடைத்தார். குங்குமத் தண்ணீர் கண்ணாடிக் கதவெல்லாம் தெறித்தது. பிறகு டையைக் கழற்றிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கறுப்புக் காரில் டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார்.

"ஆரனை அடி சாமி."

நான் தயங்கினேன்.

"நல்லா அழுத்து. மெட்ராசுக்குக் கேக்கட்டும்."

இரண்டு கையாலும் அழுத்தினேன். அந்தக் கண்ணாடி அறைக்குள் அப்படியொரு சத்தம் அதற்குமுன் எழுந்திருக்காது. அமெரிக்கர் திடுக்கிட்டுத் திரும்பினார். மாமா என் பக்கத்தில் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாட்கள் குறைவு.

லாரிகள் கார்த்திகையில் வந்தன, காலியாக. இரண்டுமே அப்பாவுடைய லாரிகள். வேறு ஆட்கள் ஏற்றினால் சாமான் கீறிப்போகும் என்று மாமாதான் கம்பெனியிடம் கேட்டு அந்த லோடை அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தாராம். சிவப்பு சோபாவைக்கூட மாமாவே போர்வை சுற்றி ஏற்றினார் என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். தையில் கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் மாமா பெயருக்குப் பக்கத்தில் மேனேஜர் என்ற சொல் மட்டும் இல்லை.

ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? திறந்து கிடந்த ஜன்னல் வழியாக ஈரக் காற்று வீச, அம்மா மடியில் தலைவைத்து நாமக்கல்லுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். காதில் ஹாரன் சத்தம் இன்னும் இருந்தது. மாமா கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அமெரிக்கக் கம்பெனி அவ்வளவு பெரிய ஷோரூமுக்குப் போயும் போயும் காலி லாரியை அனுப்புமா? லாரித் தொழிலில் இருந்த மனிதருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு தூங்கிப்போனேன்.