குரல் கொடுப்பவர் வீடு இதுதானுங்களா?

போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணி. தோசைக்கல் சூடாகிக்கொண்டிருந்தது. வாசல் கேட்டை யாரோ ஆட்டும் சத்தம்.

போய்ப் பார்த்தால்... எட்டுப் பெண்கள்! எல்லோரும் நல்ல சேலை கட்டி, பூ வைத்து, கல்யாணத்துக்குப் புறப்பட்டவர்கள் மாதிரி நிற்கிறார்கள். முகத்தில் மட்டும் கல்யாணக் களை இல்லை.

முன்னால் நின்றவர் கேட்டார். "ஏனுங்க்கா, குரல் குடுக்கறவரு ஊடு இதுதானுங்களா?"

"ஆமாங்க."

"அவரு இருக்கறாருங்களா?"

இருந்தார். துணி பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

பதற வேண்டாம். என் கணவர் வேலுச்சாமியின் தொழிலே அதுதான். விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பவர். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டில் தனி ஸ்டூடியோவெல்லாம் கிடையாது. என் சேலைகள் தொங்கும் பீரோதான் ஸ்டூடியோ. சேலைகள் எதிரொலியை உறிஞ்சிவிடுமாம். காட்டனைவிடப் பட்டு நன்றாக உறிஞ்சும் என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டார். மறுவாரமே இரண்டு பட்டுச் சேலை வாங்கிவிட்டேன். தொழில் என்றால் முதலீடு வேண்டாமா?

எந்தச் சேலையாலும் உறிஞ்ச முடியாத ஒரே சத்தம் மயில். எங்கள் பக்கம் மயிலுக்குப் பஞ்சமே இல்லை. பாதி வாக்கியத்தில் ஒன்று கத்தினால் போதும். இவர் நிறுத்தி, "சாரி, ஒன்ஸ் மோர்" என்று சொல்லிவிட்டு முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார். விட்ட இடத்திலிருந்து தொடரும் பழக்கமே கிடையாது. வீட்டில் யாருமே இல்லாவிட்டாலும் அந்த 'சாரி' உண்டு. மயிலிடம் கேட்கிறாரோ என்னவோ!

குரல் என்றால் சாதாரணக் குரல் இல்லை. கிணற்றுக்குள் இடி இறங்கின மாதிரி. ஆனால் ஆள்? அந்தக் குரலுக்கும் இந்த ஆளுக்கும் சம்பந்தமே கிடையாது. டீக்கடையில் சர்க்கரை இல்லாத டீ கேட்பார். சர்க்கரை போட்டுக் கொடுப்பார்கள். அதையும் குடித்துவிட்டு, 'நல்லா இருந்துச்சுங்க' என்று சொல்லிவிட்டு வருவார். எழுதிக் கொடுத்தால் சிங்கம். எழுதிக் கொடுக்காவிட்டால்... இவருக்கும் சேர்த்து நான் பேச வேண்டும்.

கொஞ்ச நாளாகத் தொழில் படுத்துவிட்டது. கம்ப்யூட்டரே பேச ஆரம்பித்துவிட்டதே! உரக்கடை விளம்பரத்தைக்கூட ஏதோ ஒரு மெஷின் குரல் படிக்கிறது. அதற்கு ஜலதோஷம் பிடிக்காது. மயிலும் அதை ஒன்றும் செய்ய முடியாது. இவர் பீரோவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். உள்ளே போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவார். பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

அப்போதுதான் பக்கத்துச் சித்தூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஷீஜா வந்து ஒரு கேள்வி கேட்டார்.

"சேச்சி, நெட்டுல தேடினா சேட்டனைக் காணவே இல்லையே! காணாத ஆளுக்கு யாரு வேலை கொடுக்கும்?"

நியாயம்தானே? ஷீஜாவே ஒரு வெப்சைட் செய்து தந்தார். தேடினால் முதலில் வரவேண்டும் என்றால், நம் மக்கள் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார்களோ அந்தச் சொல் வேண்டும், வாசகம் தமிழில் நச்சென்று இருக்க வேண்டும் என்றார். வாசகம் எழுதியது யார்? வேறு யார்... வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் தமிழில் வாயடிக்கிற நான்தான்.

'உங்களுக்காகக் குரல் கொடுப்போம்! எங்கிருந்து அழைத்தாலும்!'

அதை இவர் பீரோவுக்குள் நின்று கணீரென்று பதிவு செய்து கொடுத்தார். பக்கத்தைத் திறந்தாலே அந்தக் குரல் முழங்கும்.

மூன்றே வாரம். ஷீஜா போனில் கத்தினார். "சேச்சி! குரல் கொடுக்கன்னு தேடினா சேட்டன்தான் ஃபர்ஸ்ட்!"

பாயசம் வைத்தேன். அது என் அறியாமை.

தமிழில் 'குரல் கொடுக்க' ஆள் தேடுவது யார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். விளம்பரம் எடுக்கிறவர் 'வாய்ஸ் ஓவர்' என்று தேடுவார். குழாயில் தண்ணீர் வராதவரும், தெருவிளக்கு எரியாதவரும்தான் 'குரல் கொடுக்க' ஆள் தேடுவார்கள்!

போன் வர ஆரம்பித்தது. பக்கத்துத் தோட்டத்துத் தென்னைமட்டை தன் ஓட்டின் மேலேயே விழுகிறது, அதற்குக் குரல் கொடுக்க வேண்டும் என்றார் ஒருவர். மாமியார் வீட்டில் மூத்த மருமகனுக்குப் பெரிய மீன் துண்டும் தனக்கு வால் துண்டும் வைக்கிறார்கள், கண்டிக்க வேண்டும் என்றார் இன்னொருவர். வேறொருவருக்குத் தொண்டையே சரியில்லை. "எங்கொரல் போயிருச்சுங்க... நீங்க குடுப்பீங்களாமே?" என்று கரகரத்தார். இவர் பாவம், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். மறுநாள் அந்த மனிதர் கூப்பிட்டு, குரல் வந்துவிட்டதாக நன்றி சொன்னார். எங்கள் முதல் திருப்தியான வாடிக்கையாளர் அவர்தான்.

இதெல்லாம் போனோடு போயிற்று. ஆள் நேரில் வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

முன்னால் நின்றவர் பெயர் ராசாமணி. எட்டுப் பேரும் ஆலாங்காட்டுப் பிரிவுக்காரர்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னைநார் கம்பெனியில் வேலை. போக வர ஒரே தனியார் பஸ். காலையில் பிரிவில், அதாவது ஊர்ப்பாதை பிரியும் முக்கில், நின்று ஏற்றிக்கொள்கிறது. சாயங்காலம் நிற்பதில்லை. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, அடுத்த ஸ்டாப்பில்தான் இறக்கிவிடுகிறார்கள். அங்கிருந்து திரும்பி நடக்க வேண்டும். நடுவில் ஓடை. ஓடைப் புதரில் காட்டுப்பன்றி.

"போன மாசம் இவளப் பன்னி தொரத்தீருச்சுங்க்கா." ராசாமணி பக்கத்தில் நின்ற சரஸ்வதியைக் காட்டினார். "வாய்க்கால்ல உளுந்து கையி ஒடஞ்சுபோச்சு. இனி வேலைக்கே போகவேண்டாம்ங்கறாரு இவ ஊட்டுக்காரரு. அடுத்தது எங்க ஊட்லயும் அதயேதான் சொல்லுவாங்க. ஒவ்வொருத்தியா நின்னுக்க வேண்டியதுதானுங்க."

சரஸ்வதி கட்டுப் போட்ட கையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். ஆதாரம் மாதிரி.

நான் விளக்கப் பார்த்தேன். "இவரு அந்த மாதிரிக் குரல் கொடுக்கறவரு இல்லீங்க. விளம்பரத்துக்கு... பின்னாடி இருந்து..."

ராசாமணி செல்போனை எடுத்து ஒரு அழுத்து அழுத்தினார். எங்கள் வாசலில், எங்கள் வீட்டுக்காரரின் குரல் முழங்கியது. 'உங்களுக்காகக் குரல் கொடுப்போம்!'

"இது அவருதானுங்களே?"

அதற்குள் இவர் பீரோவை விட்டு வந்து கதவோரம் நின்றிருந்தார். இருபது வருஷத்துக்கு மேலாக இவர் குரல் எத்தனையோ வாக்குக் கொடுத்திருக்கிறது. முடி உதிராது. கறை போகும். மகசூல் கொட்டும். ஒருத்தராவது படியேறி வந்து, 'நீதானே சொன்னாய்?' என்று கேட்டதுண்டா? இதுதான் முதல் தடவை.

"நாந்தான் சொன்னனுங்க" என்றார், மெதுவாக. பிறகு என் பக்கம் திரும்பினார். "சுகந்தி... ஸ்கிரிப்ட் எழுதிக் குடு."

பஸ் முதலாளி பதினோரு மணிக்குச் சித்தூர் ஆபீசில் இருப்பாராம். ஒரு மணி நேரத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எட்டுப் பேரும் தோசை சாப்பிட்டார்கள். இவர் பீரோவுக்குள் ஒத்திகை பார்த்தார். பிறகு பத்துப் பேரும் பஸ் ஏறினோம். எந்த பஸ்? அதே பஸ்தான்! எங்கே போகிறோம் என்று தெரியாமல், கண்டக்டர் சரஸ்வதிக்காக ஒருவரை எழுப்பி ஸீட் வாங்கிக் கொடுத்தார். "பாத்து உக்காருங்க" என்று வேறு சொன்னார். எனக்குக் குற்ற உணர்ச்சியாகிவிட்டது.

ஒரு டயர் கடைக்கு மேலே, மாடியில் ஆபீஸ். முதலாளி மலையாளி. தமிழும் சரளம். மேஜையில் மூன்று போன். "எந்தா? என்ன விஷயம்?" என்றார், தலையைத் தூக்காமல்.

இவர் பேப்பரைப் பிரித்தார். மூச்சை இழுத்தார்.

"மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம்!"

மேஜையில் டம்ளர் அதிர்ந்தது. முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். வாயைப் பிளந்துகொண்டு இவரைப் பார்த்தார்.

"இந்த சப்தம்... நிங்கள்... மாட்டுத்தீவனப் பரஸ்யம் அல்லே? ஜீப்புல மைக் கட்டிட்டு வருமே?"

ஆமாம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஊர் ஊராக ஓடிய விளம்பரம்.

"எந்தம்மே! இந்த சப்தம் கேட்டா என் பசு தலையைத் தூக்கும்! ஒரு தடவை சொல்லுங்க. ஒரே ஒரு தடவை!"

என்ன செய்வது? சொன்னார். "மடி நிறையும்... மனம் நிறையும்!" பெண்கள் கைதட்டினார்கள். சரஸ்வதி தொடையில் தட்டினார். முதலாளி இரண்டாவது தடவை சொல்லச் சொல்லி, பசுவுக்குப் போட்டுக் காட்டப் போனில் பதிவு செய்துகொண்டார்.

பிறகு ஸ்கிரிப்ட். முதல் பத்தி அருமையாகப் போயிற்று. இரண்டாவது பத்தியில், கீழே டயர் கடையில் யாரோ சம்மட்டியால் ரிம்மை அடித்தார்கள். ணங்!

இவர் நிறுத்தினார். "சாரி, ஒன்ஸ் மோர்... மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம்!"

முதலாளியும் மறுபடி வணக்கம் வைத்தார். இந்த முறை ஓடை வரைக்கும் வந்துவிட்டோம். ணங்! சாரி, ஒன்ஸ் மோர். மூன்றாவது தடவை, சரஸ்வதி சரியாக வாய்க்காலில் விழுகிற இடத்தில் லாரி ஹாரன். நான்காவது தடவை முதலாளியின் போனே அடித்தது. அவர் பதறிப்போய் மூன்று போனையும் ஆஃப் செய்தார். எழுந்து ஓடி, ஜன்னல் வழியாகக் கீழே கெஞ்சினார். "சேட்டா, ஒரு பத்து மினிட்டு அடிக்காதே! இங்கே ஆளு முதல்லேர்ந்து தொடங்குறார்!"

ஐந்தாவது தடவை முழுசாக ஓடியது. அதற்குள் முதலாளிக்கே மனப்பாடம். 'காட்டுப்பன்றி' வருவதற்கு முன்பே அவர் உதடு அசைந்தது.

வென்றுவிட்டோம் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் மனசிலாயி. ஆனா ஒரு காரியம். சாயங்காலம் என் வண்டிக்கு ரெண்டு மினிட்டு பின்னால வேற வண்டி வருது. பிரிவுல நிறுத்தினா அடுத்த ஸ்டாப்பு ஆளெல்லாம் அவன் கொண்டு போயிடுவான். நான் என்ன செய்யும்? சொல்லுங்க."

சொல்ல வேண்டும். ஆனால்... இது ஸ்கிரிப்டில் இல்லையே!

இவர் பேப்பரைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி. என்னைப் பார்த்தார். நான் பைக்குள் பேனாவைத் தேடினேன். ராசாமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்கடி, போலாம்" என்றார். சரஸ்வதி தலையைக் குனிந்துகொண்டு முதல் ஆளாகக் கதவுப் பக்கம் நடந்தார்.

"இருங்கம்மா" என்றார் இவர்.

இடிக்குரல் இல்லை. ரசத்தில் உப்பில்லை என்று சொல்லத் தயங்கித் தயங்கி வருமே, அந்தக் குரல். இத்தனை வருஷமும் எனக்கு மட்டுமே தெரிந்த குரல்.

"காலைல ஏத்தறதுக்கு நிக்குதுங்களே... அப்பப் பின்னாடி வண்டி வர்றதில்லீங்களா? ஏத்துன எடத்துலயே எறக்கி உடுங்க. அவ்வளவுதானுங்க."

சரஸ்வதி கதவருகில் நின்று திரும்பினார். இந்த முறை கீழே யாரும் ரிம்மை அடிக்கவில்லை.

முதலாளி இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கட்டுப் போட்ட கையை. பிறகு ஒரு போனை ஆன் செய்து டிரைவரைக் கூப்பிட்டார். "நாளை முதல் ஆலாங்காட்டுப் பிரிவுல சாயங்காலமும் நிறுத்தணும்." அந்தப் பக்கம் ஏதோ மறுப்பு. "ரெண்டு மினிட்டு போனா போகட்டும்!" என்று கத்தினார்.

படி இறங்கும்போது இவர் ஸ்கிரிப்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சரியா வந்துச்சா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒரே டேக்கில் ஓகே" என்றேன். வேறெதுவும் சொன்னால் அழுதிருப்பேன்.

திங்கட்கிழமை பஸ் நின்றது. செவ்வாயும் நின்றது. கட்டுப் பிரித்ததும் சரஸ்வதி வேலைக்கு வருகிறாராம். வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நெட்டில் முதலில் வந்தால் குரல் கலைஞருக்கு வேலை கிடைக்குமா? கிடைத்தது! பஸ் முதலாளியே புதன்கிழமை கூப்பிட்டார். தன் பஸ்களில் ஸ்டாப் பெயர்களை இவர் குரலில் சொல்ல வேண்டுமாம். பல மாதங்களுக்குப் பிறகு முறையான ஒரு வேலை. ஆனால் முதலாளி நெட்டில் எதையும் தேடவில்லை. தேடியது ராசாமணி. அவர் வேலை கொடுக்கவில்லை... வேலை வாங்கினார்!

ஆக, தேடுபொறியால் பலன் உண்டு. யாருக்கு என்று மட்டும் கேட்காதீர்கள்.

எட்டுப் பேரும் எங்கள் பக்கத்தில் விமர்சனம் வேறு எழுதியிருக்கிறார்கள். 'குரல் குடுத்தாருங்க. பஸ் நின்னுது. தோசையும் நல்லா இருந்துச்சு.' ஐந்து நட்சத்திரம். இதனால் இவர் இன்னும் மேலே போய்விட்டார் என்கிறார் ஷீஜா. முதல் இடத்துக்கும் மேலே என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"இடுக்கி இருக்கு, சேச்சி. அந்த மலை ஜில்லாவில தேடினாலும் இப்போ சேட்டன்தான் ஃபர்ஸ்ட்!"

வாசகத்தை மாற்றிவிடலாம் என்றேன். இவர், "இருக்கட்டும்" என்றார்.

இன்று மத்தியானம் அதே இடுக்கியில், வண்டிப்பெரியாரிலிருந்து ஒரு போன். தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா என்கிற பெண். "அண்ணாச்சி, நம்ம லயத்து வீட்டுக்கெல்லாம் பத்து நாளா தண்ணி வரல. மேனேஜர்ட்ட நாங்க சொன்னா காதுல வாங்க மாட்டேங்காரு. நீங்க ஒருக்கா வந்து சத்தம் கொடுக்கணும்."

"வர்றனுங்க" என்று சொல்லிவிட்டார் மனுஷன்! என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாளைக் காலை கிளம்புகிறோம். மலைப்பாதை வேறு, நாற்பது வளைவாவது இருக்கும்... மெடிக்கல் ஷாப் மூடுவதற்குள் போய் வாந்தி மாத்திரை வாங்க வேண்டும் — ஆளை விடுங்கள்!