இன்னொருக்காச் சொல்லுங்க

சாப்பாட்டு மேசையில், சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போன். அதற்குள் ஒரு ஆள், கையில் ஒரு மைக், பின்னால் ஒரு திரை. வேறொன்றும் இல்லை. ஒரு மணித்தியாலம் அவர் பேசுகிறார், மண்டபமே சிரிக்கிறது. ஸ்டாண்ட் அப் ஸ்பெஷல் என்று அதற்குப் பெயராம். நீங்கள் அக்காவும் தம்பியும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு பார்ப்பீர்கள். ஆங்கிலம் வரும் இடங்களை, மகள், நீ எனக்குத் தமிழில் சொல்லுவாய். சொல்லி முடிக்க முதல் உனக்கே சிரிப்பு வந்துவிடும். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், ஓட்டோ ஓடுகிறவன். இதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று யாரும் கேட்கலாம். ஆனால் மகள், போன கிழமை நம் வாசல் கடப்படியில் ஒருவன் வந்து நின்று உன்னைக் கேட்டான். மேடையில் பகிடி சொல்ல உன்னைக் கூப்பிடுகிறார்கள். நீ பதில் சொல்ல முதல் சிலதை நீ அறிய வேண்டும். நேரில் சொல்ல வெளிக்கிட்டால் என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் பிடித்தவர்களும் அந்தப் போனுக்குள் இருக்கிறார்கள். விமானத்தில் கொடுத்த சாப்பாட்டைத் தன் தகப்பன் பொதி கட்டி ஊர் வரைக்கும் கொண்டுவந்த கதையைச் சொன்னாரே ஒருவர், அன்று எனக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது. வாய் திறந்தால் தூசணம் பேசுகிறவரைப் பிடிக்கவில்லை. வெட்கப்பட்டு அல்ல, மீன் வாடியில் அதைவிடத் திறமான தூசணம் கேட்டிருக்கிறேன், மாதக் கட்டணமும் கட்டவில்லை. கடைசியில் தாயை நினைத்து அழுதவரின் அழுகையை நம்பினேன். ஆனால் அவர் அழ முதலே கமரா கிட்டப் போய்க் காத்துக்கொண்டு நின்றதை நம்பவில்லை. இன்னொருவர் முன்வரிசையில் இருப்பவரை எழுப்பி, என்ன தொழில், எந்த ஊர் என்று கேட்டுக் கேட்டு உரிப்பார். அந்த இடம் வந்தால் நான் எழும்பிப் போய்விடுவேன். "அப்பாக்குப் பயம் வந்திட்டு" என்று நீங்கள் சிரிப்பீர்கள். உண்மைதான். ஆனால் என் பயம் அந்த முன்வரிசை ஆளுக்காக அல்ல. கமரா சிரிக்கிற முகங்களை மட்டும்தான் காட்டுகிறது. மேடையில் நிற்பவர் நாட்டை ஆள்கிறவர்களைக்கூடக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டு, குனிந்து கும்பிட்டு, திரைக்குப் பின்னால் போகிறார். பிறகு பெயர்கள் ஓடுகின்றன. அவர் எந்த வழியால் வீட்டுக்குப் போனார் என்று ஒரு ஸ்பெஷலும் காட்டுவதில்லை.

உங்கள் மாமா, அம்மாவின் தம்பி, எனக்கு மச்சான், கட்டாரில் லொறி ஓடிய காலத்தில் இவற்றையெல்லாம் அறையில் இருந்து பார்த்துப் பாடமாக்கியவர். ஊருக்கு வந்த பிறகு பின்னேரங்களில் நம் வளவுக்குள் கதிரையைப் போட்டு எங்களுக்குச் சொல்லிக் காட்டுவார். "பகிடிய சொல்லுறது லேசு மச்சான். சொல்லிட்டு வாய மூடிக்கிட்டு நிக்கணும் பாருங்க, அதுதான் பாடு" என்பார். அவர் வாயில் முதலில் விழுந்தவன் நான்தான். "எங்கட மச்சான்ட ஓட்டோவில நான் ஏறக்குள்ள எனக்கு மீச கறுப்பு." அவ்வளவுதான். மீதியைச் சொல்லமாட்டார். நரைத்த மீசையைத் தடவிக்கொண்டு சும்மா நிற்பார். அம்மா அடுப்படியில் இருந்து சிரிக்கிற சத்தம் கேட்கும்.

அவர் வந்த அந்த வருஷம் விளையாட்டுக் கழகத்து ஆண்டு விழாவில் அவரை மேடை ஏற்றினார்கள். மேடை ஆற்றங்கரையில், வாவியை நாங்கள் ஆறு என்றுதானே சொல்கிறோம். முன்வரிசை நடுக்கதிரையில், விழாச் செலவு முழுவதையும் ஏற்றிருந்த முதலாளி. டிப்பர் டிப்பராகக் கிறவல் மண் கொட்டிக் கரையை நிரப்புவது யார், கண்டல் மரங்கள் எங்கே போயின என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொன்னவர் ஒருவரும் இல்லை. மச்சான் சொன்னார்.

"எங்கட ஊரில ஒராள் இரிக்கார். ராவில தாகம் வந்தா ஆத்தத்தான் குடிப்பாராம். விடிய எழும்பிப் பாத்தா, குடிச்ச இடத்தில மதில் நிக்கிது."

அப்படி ஒரு சிரிப்பை எங்கள் ஊரில் நான் கேட்டதில்லை. கிழவர்கள் துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். எழும்பி மேடைக்கு ஏறி, தனக்குப் போர்த்திய பொன்னாடையைக் கழற்றி மச்சானுக்குப் போர்த்தினார். சனம் கைதட்டியது. பிறகு மைக்கை வாங்கினார்.

"நல்லாச் சிரிச்சன் தம்பி. பின்னுக்கு இரிக்கிற ஆக்களுக்குக் கேட்டிருக்காது. இன்னொருக்காச் சொல்லுங்க."

மச்சான் சொன்னார். அதே சொல், அதே நிறுத்தம். ஒருவரும் சிரிக்கவில்லை. சனத்தை ஒரு அந்தத்தில் இருந்து மறு அந்தம் வரை பார்த்துக்கொண்டு, முதலாளி மட்டும் தனியாகச் சிரித்தார்.

யாரும் அவரை அடிக்கவில்லை, ஏசவில்லை. இரண்டாம் நாள் தேத்தண்ணிக் கடையில் தெரியாத ஒருவன் பக்கத்தில் வந்திருந்து, "அண்ணன், அந்தப் பகிடிய இன்னொருக்காச் சொல்லுங்களன்" என்றான். மச்சான் சொன்னார். சலூனில் ஒருவன் கேட்டான். பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருவன். எல்லாரும் மரியாதையாகத்தான் கேட்டார்கள். மாட்டேன் என்றால், "அவசரமில்ல அண்ணன், யோசிச்சுச் சொல்லுங்க" என்று பக்கத்திலேயே நிற்பார்கள். பொலிசுக்குப் போவோம் என்று நான் சொன்னேன். "போய் என்ன மச்சான் சொல்லுற? பகிடி கேக்கிறானுகள் எண்டா?" என்றார். அவருடைய பகிடிகளில் எனக்குச் சிரிப்பு வராத ஒன்று அதுதான்.

அப்போது நீ சின்னப் பள்ளிக்குப் போகிறவள். ஒரு மத்தியானம் வந்து புத்தகப் பையைக் கழற்றாமலே சொன்னாய்: "மாமா, பைக்கில ஒரு மாமா வந்தவர். உங்கட பகிடி எனக்குத் தெரியுமா எண்டு கேட்டார்."

"நீங்க என்ன மகள் சொன்னீங்க?"

"தெரியும் எண்டன். சொல்லியும் காட்டினன். நல்லாச் சிரிச்சார்."

மச்சான் பாதிச் சோற்றில் கை கழுவினார். சில நாட்களில் திரும்பக் கட்டாருக்குப் போய்விட்டார். நல்ல வேலை கிடைத்துப் போனார் என்று உங்களுக்குச் சொன்னோம். அவர் இன்றுவரை வரவில்லை. போனில் பேசும்போது சாப்பாடு, காய்ச்சல், மழை, இவற்றைத் தவிர வேறெதுவும் அவர் வாயில் வருவதில்லை.

மகள், நீ போனில் போடுகிற பகிடிகளை நானும் பார்க்கிறேன். என் காதையும் ஓட்டோவையும் நீ விடுவதில்லை. ஓட்டோ ஸ்டாண்டில் மற்றவர்கள் எனக்கே அதைக் காட்டிச் சிரிக்கும்போது நெஞ்சு நிறையும், பொய் சொல்லமாட்டேன். போ என்றோ போகாதே என்றோ நான் எழுதவில்லை. வாயை மூடு என்று பிள்ளைக்குச் சொல்லும் தகப்பனாக எனக்கு விருப்பமில்லை. ஆனால் போன கிழமை அந்தப் பின்னேரம் கடப்படியில் நடந்ததை நீ தெரிந்துகொள்.

வந்தவன் பைக்கை விட்டு இறங்கவில்லை. போட்டிருந்தது நல்ல சேட்டு, நல்ல பேச்சு.

"அண்ணன், கழகத்து விழாவுக்கு உங்கட மகள் கட்டாயம் வரணுமாம். முதலாளியே சொல்லி அனுப்பினவர். வீடியோ எல்லாம் பாத்தவராம். மாமனப் போலவே நிப்பாட்டி நிப்பாட்டிச் சொல்லுறாவாம்."

"அவ இஞ்ச இல்ல தம்பி. கம்பசுக்குப் போயிட்டா" என்றேன்.

அதே நேரம் உள்ளே குசினிக்குள் நீ தம்பிக்கு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாய். சொல்லிவிட்டு நிறுத்தினாய். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

வந்தவன் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தான்.

"ஓம் அண்ணன்," என்றான். "கேக்குது."