கூழும் கருவாடும் ஏற்றிய எடை

முழங்கால் டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னார். மகள் என் போனில் கலோரி கணக்கு போடும் ஆப்பை இறக்கித் தந்தாள். காலடிப்பேட்டையில் மீன் விற்கிறவள் நான். தின்பதற்கும் கணக்கு வைக்கும் காலம் வந்ததே என்று சிரித்துக்கொண்டேன்.

சோற்றை விட்டேன், எண்ணெய் மிதக்கும் குழம்பை விட்டேன். வேளைக்குக் கொஞ்சம் கூழ், கடித்துக்கொள்ளச் சுட்ட கருவாடு. கருவாடு எங்கள் குப்பத்தில் வீட்டுக்கு வீடு காய்வது, அதில் கொழுப்பேது? ஆப்பில் எண் கீழே இருப்பதைப் பார்க்கப் பெருமையாக இருக்கும்.

வஞ்சிரம் பெட்டியை நிறுக்கும் பெரிய தராசில்தான் ஏறிப் பார்ப்பேன். முதலில் எடை இறங்கியது, பிறகு ஏறியது. ஒளித்து வைத்துத் தின்கிறேன் என்று பக்கத்துக் கடைக்காரி கேலி செய்தாள். கூழைப் பாதியாக்கி, பசிக்கு இன்னும் ஒரு கருவாட்டைச் சேர்த்துக்கொண்டேன். மறுபடியும் ஏறியது. மெட்டி விரலை இறுக்கியது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. அப்போதுதான் பயந்தேன். என் அம்மா கால் வீங்கித்தான் செத்தாள்.

மகள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா என் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். கூழும் கருவாடும் என்றேன்.

“இது கொழுப்பு இல்லம்மா, தண்ணி. உங்க இதயம் பலவீனமா இருக்கு. அதோட இவ்ளோ உப்பு சாப்பிட்டா தண்ணி எப்படி வெளியே போகும்?”

ஆப்பைக் காட்டினேன். கலோரி எல்லாம் சரிதான் என்றார். சரியாகக் கணக்கு வைத்தே சாகப் பார்த்திருக்கிறேன்.

மாத்திரையில் தண்ணீர் வடிந்து எடை மளமளவென்று இறங்கியது. நன்றாக இளைத்துவிட்டேன், இன்னா சாப்பிடுகிறேன் என்று மார்க்கெட்டில் கேட்டார்கள். எடை திடீரென்று ஏறினால் சோற்றைக் குறைக்கக் கூடாது, உடனே கிளம்பி வர வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அதற்காக வீட்டுக்கு ஒரு எடை மிஷின் வாங்கினோம். தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டுதான் அதில் ஏறுகிறேன்.

இன்று கண்ணைத் திறந்தபோது எண் ஏறியிருந்தது. இறங்கி மறுபடி ஏறினேன், அதே எண். வீட்டுக்காரர் போட்டில் கடலுக்குப் போயிருக்கிறார், அங்கே போன் எடுக்காது. கருவாட்டை நான் தொட்டே வெகு நாளாகிறது. வேலைக்குக் கிளம்பிப் போன மகளுக்குப் போன் போட்டேன்.

“திரும்பி வந்துடு கண்ணு. ஏறிக்கீது. எனக்கு பயமா கீது.”