பெரியவர் கொடுத்த ரத்தம்

மார்க்கெட் மாடிப்படிக்குக் கீழே, ஒரு தையல் மெஷினும் ஒரு முக்காலியும் மட்டுமே கொள்ளும் இடத்தில் அவள் கடை இருந்தது. ஜிப் தவிர வேறெதையும் தைக்கமாட்டாள். பையோ பெட்டியோ, எது வாய் பிளந்து வந்தாலும் பல் வரிசையைப் பார்த்து, ரன்னரை மாற்றி, சோப்புத் துண்டால் ஓர் இழுப்பு இழுத்துக் கொடுப்பாள். எல்லோருக்கும் அவள் ஜிப்பக்கா.

வேலையைப் போலவே அவள் கோபமும் நிதானமானது. கத்தமாட்டாள், மறக்கவும் மாட்டாள். வேறொருத்தியோடு போகத் தீர்மானித்த புருஷன், பெட்டியின் ஜிப் ஓடவில்லை என்று அவளிடமே நீட்டினான். மறுபேச்சில்லாமல் தைத்துக் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் முன்னாலும் அந்தப் பெட்டி வாயைப் பிளந்து அவன் உள்ளாடைகளைத் தரையில் கொட்டியது. அவள் கைபட்ட ஜிப்பில் கெட்டுப்போனது அது ஒன்றுதான்.

வீடு வெறிச்சோடிக் கிடந்த அந்த நாட்களில்தான் அண்ணி ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவந்தாள். வெளியூர் போகிறவர்களின் பூனைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது அண்ணியின் தொழில். அந்தத் தொழிலை வளர்த்துவிட்டதே ஜிப்பக்காதான். பயணப் பை தைக்க வருகிறவர்களிடமெல்லாம், “பூனை இருக்கா? எங்க அண்ணிகிட்ட விட்டுட்டுப் போங்க, பெத்த புள்ள மாதிரி பாத்துக்குவாங்க” என்று சொல்லிச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

“தனியா கெடக்கியே, துணைக்கு இருக்கட்டும்” என்றாள் அண்ணி. “நல்ல ஆரோக்கியமான குட்டி. ஒரு தொந்தரவும் தராது.”

வால் நுனி வளைந்திருந்ததால் அதற்குக் கொக்கி என்று பெயர் விழுந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் துண்டுத் துணிக் கூடைதான் அதன் படுக்கை. ரன்னர் இழுபடும் சத்தம் கேட்டால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும்.

வளர்ந்து பூனையான பிறகு, கொக்கி சுவரை நக்க ஆரம்பித்தது. சாப்பாட்டை விட்டுவிட்டுச் சிமெண்ட் பூச்சை நக்கியது. பிறகு கூடைக்குள் தாவவும் முடியாமல் பாதியிலேயே நின்று மூச்சு வாங்கியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு வெள்ளை நூல்போல வெளுத்திருந்தது.

உடனே தூக்கிக்கொண்டு போனாள். கால்நடை டாக்டர் ஈறைப் பார்க்கும் முன்பே வாலைப் பார்த்துவிட்டார்.

“இந்த வாலை எனக்குத் தெரியுமே. குட்டியிலேயே இதுக்கு டெஸ்ட் பண்ணோம். லுக்கேமியா வைரஸ். எச்சில் வழியா மத்த பூனைங்களுக்குத் தொத்தும், தனியா வைங்கன்னு சொன்னேன். கொண்டுவந்த உங்க அண்ணி சொல்லலியா?”

கொக்கியின் வளைந்த வால் நுனியை அவள் ஒருமுறை நீவினாள்.

டாக்டர் தொடர்ந்தார். வைரஸ் எலும்பு மஜ்ஜையில் புகுந்துவிட்டது. புது ரத்தம் ஊறவில்லை. இப்போதைக்கு வேறொரு பூனையின் ரத்தம் ஏற்றினால்தான் பிழைக்கும். நல்ல எடையோடு, வீட்டை விட்டு வெளியே போகாத, இந்த வைரஸ் இல்லாத பூனையாக வேண்டும். இரண்டின் ரத்தமும் ஒத்துப்போக வேண்டும்.

“கொடுக்கிற பூனைக்கு ஆபத்து உண்டா டாக்டர்?”

“கொஞ்ச நேரம் மயக்கத்துல தூங்கும். சாயங்காலம் எழுந்து வழக்கம்போலச் சாப்பிடும்.”

அதை மனதில் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாள்.

அண்ணி கதவைத் திறந்தபோது இடுப்பில் கைக்குழந்தைபோல அவளுடைய சொந்தப் பூனை உட்கார்ந்திருந்தது. உருண்டு திரண்ட உடம்பு. அந்த வீட்டில் எல்லோரும் அதைப் பெரியவர் என்றுதான் சொல்வார்கள், மரியாதை குறையாது.

“வா வா. பெரியவர் இப்பதான் சாப்பிட்டு முடிச்சாரு.”

“நல்லா சாப்பிடட்டும் அண்ணி. அவருக்கு ஒரு வேலை வந்திருக்கு.”

விஷயத்தைச் சொன்னாள். அண்ணி முதலில், “எனக்கெப்படித் தெரியும்?” என்றாள்.

“டாக்டருக்கு வாலும் ஞாபகமிருக்கு, உங்களையும் ஞாபகமிருக்கு.”

அண்ணி பெரியவரை இறுக்கிக்கொண்டாள். “இவர் இருக்காரே வீட்ல. வர்ற போற பூனைங்க வேற. எங்க கொண்டுபோய்த் தனியா வைப்பேன்? உன் வீட்ல வேற பூனை இல்லியேன்னுதான்...”

“சொல்லிக் கொடுத்திருக்கலாமே.”

“சொன்னா வாங்கியிருப்பியா?”

“வாங்கியிருப்பேன். அப்பப்ப டாக்டர்கிட்ட காட்டியிருப்பேன். சுவரை நக்குறவரைக்கும் விட்டிருக்கமாட்டேன்.”

அண்ணி தலை குனிந்தாள்.

“யாருக்கு எதுவும் ஆகக்கூடாதுன்னு கொக்கியை என் தலையில கட்டினீங்களோ, அவர் கழுத்துலதான் ஊசி ஏறணும். ரத்தத்துக்கு ரத்தம்.”

உள்ளே செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அண்ணன், “என்னம்மா, சினிமா வசனம் பேசுற?” என்றான்.

“வசனம் இல்லண்ணா, வைத்தியம். வேணும்னா டாக்டரையே கேளு. இல்லன்னா, பை தைக்க வர்றவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்.”

செய்தித்தாள் கீழே இறங்கியது. “வெளிய சொல்லிடாதம்மா. அவ பொழப்பே போயிடும்.”

“பெரியவர் ரத்தம் கொடுக்கட்டும். அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன்.”

“அவருக்கு ஒண்ணும் ஆகாதே?” அண்ணியின் குரல் உடைந்தது.

டாக்டர் சொன்ன பதில் நுனிநாக்கு வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்தாள். “நல்ல ஆரோக்கியமான பூனை அண்ணி. ஒரு தொந்தரவும் தராது.”

பரிசோதனையில் பெரியவருக்கு வைரஸ் இல்லை; ரத்தமும் ஒத்துப்போனது. பெரியவரின் கழுத்து மயிரை மழித்தார்கள். மயங்கிக் கிடந்த அவரைக் கண்ணாடிக்கு அப்பால் பார்த்துப் பார்த்து அண்ணி தேம்பினாள். எதிர் பெஞ்சில் ஜிப்பக்கா உட்கார்ந்து அதைக் கண்குளிரப் பார்த்தாள். ஒரு சொல் சொன்னால் அந்த அழுகை நின்றிருக்கும். சொல்லவில்லை. உள்ளே, கொக்கியின் முன்னங்காலில் பெரியவரின் ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் பெரியவர் எழுந்து இரண்டு தட்டுச் சாப்பிட்டார். கொக்கியின் ஈறில் நிறம் வந்தது. மறுநாள் நூல்கண்டுகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அந்த நிறத்துக்குச் சரியான ரோஜா நூலை எடுத்துத் தனியே வைத்தாள். டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: “இது வியாதியைத் தீர்க்காது. கொஞ்சம் காலம் கிடைக்கும், அவ்வளவுதான்.” கிடைத்த காலத்தை அவள் வீணாக்கவில்லை. மாத்திரையைக் கோழித் துண்டுக்குள் பொதிந்து கொடுத்தாள். ஒரு தெள்ளுப்பூச்சிக்குக்கூட அந்த ரத்தத்தில் பங்கு போகக்கூடாதென்று தினமும் சீப்பால் வாரினாள். வெந்நீர்ப் பையை லைனிங் துணியில் சுற்றிக் கூடைக்குள் வைத்தாள். வேலையைத் தொடும் முன் உதட்டைத் தூக்கி நூலோடு ஒப்பிடுவாள்.

அண்ணி ஒருநாள் வேகவைத்த கோழியோடு வந்து நின்றாள். “இன்னும் மனசுல வெச்சிருக்கியா?”

“மனசுல இல்ல அண்ணி. இதோ, கூடையில வெச்சிருக்கேன்.”

கோழியை வாங்கிக் கொக்கிக்குக் கொடுத்தாள். பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

நூலும் ஈறும் ஒன்றாக இருந்த நாட்களில், போதும், கோபத்தை விட்டுவிடலாமா என்று அவளுக்கே தோன்றியதுண்டு. அப்படித் தோன்ற ஆரம்பித்திருந்த ஒரு காலையில், ஈறு நூலைவிட ஒரு சாயல் வெளுத்திருந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். வெளுத்துத்தான் இருந்தது. டாக்டரிடம் போகக் கூடைக்கு மூடி கட்டிக்கொண்டிருந்தபோது, தைக்கக் கொடுத்த பயணப் பையை வாங்க ஒருத்தி வந்தாள்.

“நாளைக்கு ஊருக்குப் போறோம்க்கா. எங்க பூனையை உங்க அண்ணிகிட்ட விடலாம்ல? நீங்கதானே நல்லா பாத்துக்குவாங்கன்னு சொன்னீங்க?”

ஜிப்பக்கா பையை மடியில் வைத்து ரன்னரை ஒருமுறை மேலே இழுத்தாள், கீழே இழுத்தாள். சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை.

“ஏன்க்கா, ஏதாவது...?”

சோப்புத் துண்டை எடுத்துப் பற்களின் மேல் மெல்லத் தேய்த்தாள்.

வந்தவள் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். குரல் தானாக இறங்கியது. “சரிக்கா, எங்க அக்கா வீட்லயே விட்டுடறேன். பக்கத்து வீட்டுக்காரங்களும் உங்க அண்ணிகிட்ட விடறதாச் சொன்னாங்க. அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடறேன்.”

ஜிப்பக்கா ஜிப்பைக் கடைசிப் பல் வரை இழுத்து மூடிப் பையை நீட்டினாள். பிறகு கூடையை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் நடந்தாள்.