நீலப்படையில் ஐந்து நாள்

எங்கள் சங்கரன்கோவிலில் சாமியே பாதி சிவன், பாதி பெருமாள். யார் பெரியவர் என்று மல்லுக்கு நின்ற இரண்டு கட்சிக்காரர்களுக்காக அப்படி வந்து நின்றார் என்பார்கள். அந்தக் கோவிலுக்கு இரண்டு தெரு தள்ளி, எங்கள் வீட்டு மாடியில் அண்ணன் போனில் ஆடும் சண்டை விளையாட்டில் சிவப்புப்படையை நடத்திக்கொண்டிருந்தான். எதிரி நீலப்படை. சாமி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அண்ணன் அப்போது காலேஜ், நான் ஆறாம் வகுப்பு. அந்த விளையாட்டில் என்னையும் சிவப்பில் சேர்த்துக்கொள் என்று லீவு முழுக்க நச்சரித்தேன். நீ வந்தால் தோற்றுவிடுவோம் என்றுவிட்டான். சிவப்பில் எல்லாருமே சூரர்கள். குண்டடி பட்டு ஒருவன் விழுந்தால், இருபது விநாடிக்குள் கூட்டாளி யாராவது பக்கத்தில் உட்கார்ந்து மருந்து போட்டால் எழுந்துவிடலாம். சிவப்பில் யாரும் உட்கார மாட்டார்கள். விழுந்தவனுடைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். நெட் மெதுவாக இருந்த பாவத்துக்குப் பனவடலிசத்திரத்துக்காரன் ஒருவனை ஒரே தோல்வியில் விரட்டிவிட்டார்கள். அதுதான் வீரம் என்று நானும் நம்பினேன்.

கடைசியில் அண்ணன் ஒரு வழி சொன்னான். அவனுடைய பழைய போனில், வேறு பெயரில், நான் நீலப்படையில் சேர வேண்டும். சிவப்புக் கோட்டையை அவர்கள் என்றைக்கு, எந்த வாசல் வழியாகத் தாக்கப்போகிறார்கள் என்று துப்புச் சொன்னால் பரோட்டாவும் சிவப்பில் இடமும் உண்டு.

"மைக்க மட்டும் போட்டுராத. டைப் பண்ணு, போதும்" என்றான்.

நீலப்படைத் தலைவர், தன் ஊர் வாசுதேவநல்லூர் என்று அவரே சொன்னார். அவர் பேசும்போது பின்னால் ராஜபாளையம் பஸ்ஸின் ஹாரன் கேட்கும். முகம் பார்த்ததில்லை. முதல் நாளே நான் மூன்று தடவை விழுந்தேன். துப்பாக்கி போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று தடவையும் யாராவது வந்து உட்கார்ந்தார்கள். ஒரு தடவை உட்கார்ந்தவரும் என்னோடு சேர்ந்து செத்தார். இப்படியும் ஒரு கூறுகெட்ட கூட்டமா என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. போதாததற்கு, தாக்குதல் திட்டத்தை நேற்று வந்த எனக்கும் சேர்த்தே சொன்னார்கள். சிவப்பில் அண்ணனைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது.

ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி, மேற்கு வாசல். ஓடிப்போய் அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். பதுங்கியிருந்த சிவப்புப்படை பத்தே நிமிஷத்தில் எல்லாரையும் சாய்த்துவிட்டது. நீலப்படையின் கடைசி வரிசையில் நின்ற நானும் விழுந்தேன். காட்டிக்கொடுத்தது யார் என்று இனிக் குடைவார்கள், கிழிப்பார்கள் என்று நினைத்தேன். பஸ் ஹாரனுக்கு நடுவே தலைவர் பேசினார்.

"புதுசா வந்த மக்கா, இருக்கியா? பயப்படாத, என்ன. நாளைக்கும் வா. நிக்கோம்."

போனை அணைத்துவிட்டேன்.

அண்ணன் வாக்குத் தவறவில்லை. அன்றைக்கே பரோட்டா, மறுநாள் சிவப்பில் இடம். முதல் ஆட்டத்திலேயே விழுந்தேன். பக்கத்தில் அண்ணன்தான் நின்றான். குனிந்தான். என் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினான். மாடியின் அந்த மூலையிலிருந்து, "ஏட்டி, ஒழுங்கா ஆடத் தெரியாதா?" என்று வேறு கேட்டான். இருபது விநாடியையும் எண்ணிக்கொண்டே கிடந்தேன். அழுகையாக வந்தது. ஆனாலும் ஜெயித்த கட்சியில் இருக்கிறோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

இப்போது ஓர் அலுவலகத்தில் பத்துப் பேரோடு சேர்ந்து வேலை பார்க்கிறேன். ஒரு தவறு நடந்தால் அது யாருடையது என்று தெரிய எங்களுக்கு ஐந்து நிமிஷம் ஆகாது. அந்த வாரம் நீலப்படையில் புதிதாகச் சேர்ந்தது நான் ஒருத்திதான். அந்த மனுஷன் தெரிந்தேதான் வரச் சொல்லியிருக்கிறார். நானோ, ஏமாளிகள், ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் எவ்வளவு நேரம் நின்றார்களோ.