என் கோழிகளுக்குப் புழு வைத்தவர்

பக்கத்து வீட்டு அண்ணன் என் கோழிகளுக்குப் புழு வைக்கிறார் என்று நான் நம்பினேன். சூனியம் வைப்பதுபோல. ஐம்பதைத் தாண்டிய, கணினி முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற, கல்யாண வீட்டில் மைக்கைக் கொடுத்தால் கூட்டத்தைச் சிரிக்க வைக்கிற ஒரு ஆள் இதை முழுசாக நம்பினான். சன்னல் திரையை ஒரு விரல் அகலம் விலக்கி, மூச்சை அடக்கி வேவு பார்க்கிற அளவுக்கு நம்பினான்.

எங்களுடையது மாமனார் விட்டுப்போன பழைய தரைவீடு. பின்பக்கம் கையகல மண். அதில் ஒரு கறிவேப்பிலை மரம், ஒரு கூண்டு, நான்கு பெட்டைக்கோழிகள். அடுக்குமாடியில் இருக்கும் சொந்தக்காரர்கள் வந்து பார்த்து, "சிங்கப்பூர்ல கோழியா? விடுறாங்களா?" என்று சந்தேகமாகக் கேட்பார்கள். போகும்போது சந்தேகமில்லாமல் முட்டை வாங்கிக்கொண்டு போவார்கள். மனைவி காலையிலேயே செங்காங்குக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். எனக்கு வேலை வீட்டிலிருந்தே. பகல் முழுக்கத் துணை அந்த நாலும்தான். என் ஜோக்குகளுக்கு இந்த வீட்டில் சத்தம் கொடுக்கிற ஒரே கூட்டமும் அதுதான்.

ஒருநாள் சிவப்புக் கோழியின் கொண்டை வெளுத்திருந்தது. மறுநாள் எச்சத்தில் வெள்ளையாக, மீ நூடுல்ஸ் துண்டுபோல ஒன்று கிடந்தது. குனிந்து பார்த்தேன். நெளிந்தது. அன்று மதியத்துக்குத் தேக்கா சந்தையிலிருந்து மீ கோரேங் கட்டி வாங்கி வைத்திருந்தேன். பொட்டலத்தைப் பிரிக்கவேயில்லை.

கோழியைக் கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, குடற்புழுதான், பயப்பட வேண்டாம் என்றார் அந்தப் பெண். தண்ணீரில் கலக்க மருந்து கொடுத்தார். நான் சொல்லும்வரை முட்டையைச் சாப்பிடாதீர்கள் என்றார். கூண்டைச் சுத்தமாக வைத்திருக்கிறீர்களா என்றும் கேட்டார்.

"தினமும் எடுத்துடுவேன் டாக்டர். ஒரு பொட்டு எச்சம் இருக்காது" என்றேன். பொய்யில்லை. இருக்காது.

மருந்து வேலை செய்தது. புழு வெளியேறியது, கொண்டை சிவந்தது. நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கொஞ்ச காலம் போயிற்று. திரும்பவும் மீ.

மறுபடி மருந்து, மறுபடி முட்டையெல்லாம் குப்பைக்கு. இந்த முறை மனைவி சாப்பாட்டு மேசையில் வைத்தே தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"ஏங்க, இன்னொரு தடவை புழு வந்துச்சு, நாலையும் என் ஆபீஸ் தோழிகிட்ட கொடுத்துடுவேன். அவங்க வீட்ல பெரிய தோட்டம் இருக்கு."

"வளர்ப்பாளா, சமைப்பாளா?"

"கொடுத்ததுக்கு அப்புறம் நான் போய்க் கேக்க முடியுமா?"

அன்றிலிருந்து எனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். முட்டைக்கோஸின் மேல் இலைகளைச் சும்மா கொடுக்கும் தேக்கா காய்கறிக்காரர் மீது சந்தேகம். ஏன் சும்மா கொடுக்கிறார்? வேலிமேல் உட்கார்ந்து என்னை முறைக்கிற மைனா மீது சந்தேகம். மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கறுப்புக் கோழி மட்டும் எப்போதும் கொழுகொழுவென்று இருக்கிறதே என்று அதன் மீதுகூட ஒரு கண் வைத்தேன். கடைசியில் எல்லாச் சந்தேகமும் போய் நின்றது பக்கத்து வீட்டில்.

அண்ணன் தேக்காவில் தையல்கடை வைத்திருந்து ஓய்ந்தவர். வெள்ளிக்கிழமைதோறும் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு கறிவேப்பிலை பறிக்க வருவார். எங்கள் வரிசையில் பாதி வீட்டு ரசம் அந்த மரத்தை நம்பித்தான் கொதிக்கிறது, அதனால் வருவதில் குற்றமில்லை. ஆனால் அவர் கையில் ஒரு பாட்டில் இருந்தது. சன்னல் பக்கம் ஒரு பார்வை, கேட் பக்கம் ஒரு பார்வை. பிறகு மரத்தடியில் குந்தி, வெள்ளையாக எதையோ ஊற்றினார். கடைசிச் சொட்டுவரை உதறினார். இலையைப் பறித்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்போலப் போனார். நான் சலவை இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். என் வீட்டில், நான்.

மனைவியிடம் சொன்னேன்.

"என் கல்யாணத்துக்கு ரவிக்கை தச்ச மனுஷன் லா அவரு" என்றாள்.

"அதான் சொல்றேன். நம்ம அளவெல்லாம் அவருக்குத் தெரியும்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பாத்திரத்தைத் துலக்கினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் எச்சத்தில் மறுபடி அது கிடந்தது. மூன்றாவது தடவை. மனைவி வேலை முடிந்து வந்து பார்த்தால் கோழிகளின் கதை முடிந்தது. இன்று பிடித்தே தீருவது என்று, சாயங்காலம் வழக்கம்போலக் கோழிகளை மேயவிட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்றேன். அண்ணன் வந்தார், குந்தினார், பாட்டிலைக் கவிழ்த்தார்.

"என்ன அண்ணே, பாட்டில்ல?"

திடுக்கிட்டுப் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். குற்றவாளிகள் செய்வது இதைத்தான்.

"ஒண்ணுமில்ல தம்பி."

"ஒண்ணுமில்லன்னா காட்டுங்க."

"சொன்னா உன் வீட்டுக்காரம்மா திட்டும்."

"காட்டுங்க அண்ணே."

நீட்டினார். மோந்து பார்த்தேன். மூக்கைப் பிடுங்கும் புளிப்பு.

"மோரு தம்பி. புளிச்சுப்போனது. கறிவேப்பிலைக்கு நல்லது. வாரா வாரம் சும்மா பறிச்சுட்டுப் போறேனே, வெறுங்கையோட வர ஒரு மாதிரியா இருக்கு. ஈரமாக்கினா கொசு வரும்னு உன் வீட்டுக்காரம்மா சத்தம் போடும், அதான் மறைச்சு ஊத்தினேன்." என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ என்ன நெனச்ச? விஷம்னா?"

"சேச்சே" என்றேன். கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லிவிட்டேன் போல. அவர் சிரிக்கவில்லை.

பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னார்: "என் மோரு எம்மாத்திரம் தம்பி. நீ அள்ளி அள்ளிப் புதைக்கிறியே கோழி எரு, அதுலதான் மரம் இப்படித் தழைச்சு நிக்குது. பாரு, உன் கோழிங்களுக்குக்கூட அந்த எடந்தான் புடிக்குது."

பார்த்தேன். கூண்டிலிருந்து நான் ஒரு பொட்டு விடாமல் எடுத்த எச்சம் அத்தனையும் அந்த மரத்தடியில்தான் இருந்தது. மருந்து கொடுத்த நாட்களில் எடுத்ததும் சேர்த்து. நல்ல எருவைக் குப்பையில் போட மனசு வராமல் நானே என் கையால் புதைத்தது. மோர் ஊறி மெத்தென்றிருந்த அந்த மண்ணை நாலு கோழியும் காலால் சீய்த்து, தலையை உள்ளே விட்டுக் கொத்திக்கொண்டிருந்தன.

மருத்துவரை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். "எடுத்து எங்கே போடுகிறீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும்" என்றார். மரத்தைச் சுற்றிக் கம்பிவலை அடிக்கச் சொன்னார், மேல்மண்ணை எடுத்துப் பையில் கட்டிக் குப்பையில் போடச் சொன்னார், மருந்தை இன்னொரு முறை கொடுக்கச் சொன்னார். மனைவி கதவைத் திறக்கும்போது நான் மண்வெட்டியோடு முழங்கால்வரை குழியில் நின்றேன். நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முழுசாகக் கேட்டாள்.

"கோழி இருக்கட்டும்" என்றாள். "உங்களை யாருகிட்ட கொடுக்கிறதுன்னுதான் தெரியல."

கோழிகள் இருக்கின்றன. அடுத்த சோதனையில் புழு இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. அண்ணன் இப்போது பாட்டிலை மறைக்காமல் கொண்டுவருகிறார். வலைக்கு வெளியே நின்றே ஊற்றுகிறார். ஊற்றுவதற்கு முன்னால் "மோந்து பாக்குறியா?" என்று தவறாமல் கேட்கிறார்.

மருந்து ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் வேலை செய்தது. எச்சத்தோடு வந்த புழு முட்டைகளை நான் மரத்தடியில் புதைத்தேன், அவை ஈரமண்ணில் சாகாமல் கிடந்தன, கோழிகள் கிளறித் தின்றன, புழு திரும்ப வந்தது.