படங்கில் எழுதிய அரண்மனை

வட்டகொடை ஸ்டேஷனில் நான் இறங்கியது சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. 1957 பங்குனி மாதம். காலையில் கொழும்பில் ரயில் ஏறியபோது சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது; இங்கே பல் கிட்டியது. கையில் ஒரு தோல் பை, ஒரு குடை, புறக்கோட்டையில் வாங்கிய நீல வர்ணத்தூள் ஒரு பொட்டலம். மலைநாட்டின் மூடுபனியையும் நீர்வீழ்ச்சிகளையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் நுவரெலியா ஹோட்டலில் தங்கி எழுதுகிறார்கள். நான் தங்கியது லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு ஒன்றில். ஆகையால் இந்தக் கட்டுரையில் அழகு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

நான் கொழும்பில் சினிமாக் கொட்டகைகளுக்குப் பானர் எழுதுகிறவன். ஒரு வருஷத்துக்கு முன் புறக்கோட்டை வர்ணக் கடையில் ஒருவரைப் பார்த்தேன். தூளை விரலில் எடுத்து, நாக்கு நுனியில் வைத்து, துப்பிவிட்டு, “இதுல சுண்ணாம்பு கலந்திருக்குங்க” என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்காரருக்கு முகம் சிவந்தது. எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று. பெயர் அந்தோணிமுத்து. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டிக்கு ஆணி அடித்து, அதன் மேல் தோட்டத்தின் பெயரைத் தகர அச்சு வைத்துக் கறுப்பு மையால் எழுதுவது அவருடைய வேலை. மற்ற நேரத்தில் நாடகத்துக்குத் திரை எழுதுவார். “நம்ம தோட்டத்துத் திருவிழாவுக்கு வாங்கண்ணே, சீன் எழுதி வச்சிருக்கேன், ஒங்க கண்ணுல பட்டாத்தான் எனக்குத் திருப்தி” என்று கடிதம் போட்டிருந்தார். தோட்டத்தின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கஷ்டப்படப்போவது நான் இல்லை.

மூன்றரைக்குப் பூண்டுலோயாப் பக்கம் போகும் பஸ் வந்தது. தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்; கட்டணம் முப்பது சதம். கண்டக்டர் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசினார்; ஐயா என்பதற்கு மட்டும் மாத்தயா என்றார்.

“அங்க ஒங்களுக்கு யாரு மாத்தயா? கிளாக்கரா?”

“இல்லை. திரை எழுதுகிற அந்தோணிமுத்து.”

“நம்ம அந்தோணியா? நம்ம பஸ் மூஞ்சில பூ வரைஞ்சது அவருதானே.” அதன் பிறகு நான் உட்கார்வதற்கு அவரே இடம் பிடித்துத் தந்தார். கொழும்பில் பதினைந்து வருஷமாகப் பானர் எழுதுகிறேன். என் பெயரைச் சொல்லி ஒருவருக்கும் பஸ்ஸில் இடம் கிடைத்ததில்லை.

நாலாவது மைலில் இறங்கினேன். அந்தோணிமுத்து தலையில் சாக்கு போர்த்திக்கொண்டு காத்திருந்தார். அங்கிருந்து இரண்டு மைல் ஏற்றம். அவர் பேசிக்கொண்டே ஏறினார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டேன். சுற்றுவட்டாரத்தில் மூன்று தோட்டங்களுக்கும் சேர்த்து ஒரே நாடகக் கூட்டம். ஆர்மோனியம் சின்னத்தம்பி, தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிறவர். கிரீடம் ஒரு தோட்டத்தில், உடுப்புப் பெட்டிகள் ஒரு தோட்டத்தில், திரை இன்னொன்றில். எங்கே திருவிழாவோ அங்கே எல்லாவற்றையும் தலைச்சுமையாகக் கொண்டுபோவார்கள். பகலில் தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற கை மாலையில் வாள் பிடிக்கும். இவர்கள் யாருக்கும் இதற்காக ஒரு நாள் லீவு கிடையாது. பழைய திரை எலி கடித்துக் கந்தலானபோது புதுத் திரைக்குத் துணி வாங்க வழியில்லை.

“அப்புறம் என்ன செய்தீர்கள்?”

“பொம்பளைங்க குடுத்தாங்கண்ணே. படங்கு.”

படங்கு என்பது கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டும் சணல் சாக்குத் துணி. தேயிலைச் செடியின் ஈரமும் குச்சியும் சேலையைக் கெடுக்காமல் காப்பது அதுதான். தோட்டம் அதைக் கொடுத்து, விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வாரமாக அத்தனை பெண்களும் நனைந்த சேலையோடு மலை ஏறி இறங்கியிருக்கிறார்கள், ஒரு நாடகத்துக்குத் திரை வேண்டும் என்பதற்காக. நம் ஊரில் கலைக்கு ஆதரவில்லை என்று மேடைக்கு மேடை அழுகிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம்.

மாலை ஐந்தரை. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் திரை தொங்கிக்கொண்டிருந்தது. மரவள்ளிக் கிழங்கு மாவைக் கூழாக்கி, சுண்ணாம்பு சேர்த்துப் பூசி, அதன் மேல் தூள் வர்ணம். நான் தொழில்காரன்; முதலில் குறைதான் கண்ணில் படும். ஆனால் அந்த வானத்தைப் பார்த்ததும் குறை தேட மறந்துவிட்டேன். மழை விட்ட ஐந்து நிமிஷத்துக்கு மலைக்கு மேல் ஒரு மஞ்சள் கலந்த வெளிச்சம் வருமே, அதைச் சாக்குத் துணியில் பிடித்து வைத்திருந்தார். கீழே அரண்மனை. அரண்மனைக்கு முன்னால் ரோஜாப் பாத்தி, வளைந்த படிக்கட்டு, பெரிய இரும்புக் கேட்டு. கேட்டுக்கு வெளியே கை நீட்டியபடி ஜனக்கூட்டம். அரண்மனையின் கூரையில் புகைபோக்கி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ராஜா அரண்மனைக்குப் புகைபோக்கி எதற்கு?”

அந்தோணிமுத்து யோசித்துப் பார்த்துவிட்டு, “ராசாவுக்குக் குளிராதாண்ணே?” என்றார்.

அவர் பிறந்ததிலிருந்து பார்த்த ஒரே பெரிய வீடு தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களா. அதைத்தான் எழுதியிருந்தார். அவருடைய மனைவி சவரியம்மா பக்கத்தில் நின்று, புகைபோக்கி விழுந்திருந்த துணியைக் காட்டி, “இது என் படங்குதாங்க” என்றார். எந்தத் துண்டு யாருடையது என்று அங்கே வந்த பெண்கள் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. ஒருத்திக்கு வானம் வந்திருந்தது; ஒருத்திக்கு வெறும் புல். புல் வந்தவள் அந்தோணிமுத்துவிடம் சண்டை பிடித்து அதில் ஒரு மயில் வாங்கியிருந்தாள்.

நாடகக் கதை அவர்களே கட்டியது. பஞ்ச காலத்தில் ஒரு ராஜா தன் களஞ்சியத்தைத் திறந்து குடிகளுக்குத் தானியம் கொடுக்கிறான். அதனால் நாட்டை இழந்து காட்டுக்குப் போகிறான். கேட்டில் நிற்கும் கூட்டம் தானியம் வாங்க வந்த குடிகள். நான் கொண்டுபோன நீலத்தைக் கரைத்து இரண்டு பேருமாக ராஜாவின் ஜன்னல்களுக்குப் பூசினோம். என்னை அவர் ஒரு ஜன்னலுக்கு மேல் பூச விடவில்லை. “கொழும்பு கையி கொஞ்சம் கனமா விழுதுண்ணே” என்றார். ஒத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சாமி வந்தது, பொங்கல் வைத்தார்கள், எனக்கும் இலை போட்டார்கள். பதினொன்றரைக்குத் துரையின் ஜீப் வந்தது. வருஷா வருஷம் வந்து, மாலை வாங்கிக்கொண்டு, பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் போவாராம். வெள்ளைக்காரர். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஒன்பது வருஷமாகிறது. அந்தச் செய்தி இந்த ஏற்றம் ஏறி இன்னும் வரவில்லை. கூடவே தோட்டத்துக் கண்டக்டர், இவர்கள் சொல்லில் கண்டாக்கையா, மலையில் நடக்கும் வேலையை மேய்க்கும் தமிழர். மாலையோடு மடுவத்துப் பக்கம் வந்த துரை திரைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“இது யாரு எழுதினது?”

அந்தோணிமுத்து முன்னால் வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. பாராட்டு வரும் என்று அந்த மனிதர் நினைத்தார்.

“இது என் பங்களா. இந்த ஆளுங்க என் கேட்டுல ஏன் நிக்குது?”

“தானியம் வாங்க நிக்கிறாங்க தொர. ராசா ரொம்ப நல்லவருங்க. களஞ்சியத்தத் தெறந்து குடுக்குறாருங்க.”

துரை நம்பவில்லை. சின்னத்தம்பி என் காதோடு சொன்னார்: போன வருஷ வேலைநிறுத்தத்தின்போது இதே கேட்டில் இதே மாதிரி ஜனங்கள் நின்றார்களாம், துரை இரண்டு நாள் வெளியே வரவில்லையாம். தன் வீட்டில் ஒரு நல்ல ராஜா இருப்பதாக ஒருவன் எழுதுவான் என்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அது அவரைப் பற்றி அவரே கொடுத்த சாட்சி. திரையின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். சணல்.

“இது தோட்டத்துப் படங்கு. கழட்டு. நாளைக்குப் பெரட்டுல படங்கு இல்லாத பொம்பளைக்கு வேலை இல்லை.”

பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் கூட்டம். ஜீப் போய்விட்டது. நான் கண்டாக்கையாவிடம் போனேன்.

“அந்தப் படங்கின் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டீர்களே, அப்புறம் அது எப்படித் தோட்டத்துப் படங்கு? இன்று ஒரு மாலைதானே, நாடகம் முடிந்ததும் பிரித்துக்கொள்ள மாட்டார்களா?”

“நீங்க யாரு?” என்றார் அவர். “வெளியாளு. தோட்டத்துக்குள்ள வரதுக்குத் தொரைக்கிட்ட பெர்மிஷன் வாங்கினீங்களா? நேத்து ராத்திரி எந்த லயத்துல படுத்தீங்க? அந்த வீட்டுக்காரன் பேரு என்னான்னு நான் எழுதிக்கிடவா?”

அந்த வீட்டுக்காரரின் பெயர் எழுதப்படக்கூடாது என்று திரும்பி வந்துவிட்டேன். இந்தத் தீவில் யார் வீட்டுக்கும் விருந்தாளி வரலாம். கொழுந்து பறிக்கிறவர்களின் வீட்டுக்கு மட்டும் வந்தால் அத்துமீறல். பிறந்த மண்ணில் ஓட்டில்லை, உறவினர் வர உரிமையில்லை, இடுப்புத் துணியும் சொந்தமில்லை. இதைச் சகித்துக்கொண்டு நாம் கொழும்பில் இவர்கள் பறித்த தேயிலையைக் குடித்தபடி கலை வளர்ச்சி பற்றிக் கூட்டம் போடுகிறோம். எனக்கு எரிகிறது. கட்டுரையில் இப்படி எழுதக்கூடாது என்பார்கள். எழுதிவிட்டேன்.

இரண்டு மணிக்குத் திரையை இறக்கினார்கள். பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து தையலைப் பிரித்தார்கள். ஒருவரும் அழவில்லை. அந்தோணிமுத்து ஒரு தூணில் சாய்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன்.

“விடுங்கண்ணே,” என்றார். பிறகு, “ரெண்டு வாரம் எழுதுனேன். ஒரு தடவகூட வெளக்கு வெளிச்சத்துல பாக்கல” என்றார்.

மாலை ஆறு மணிக்கு நாடகம் தொடங்கியது. பின்னால் மடுவத்தின் சுண்ணாம்புச் சுவர். ராஜா கையைச் சுவர்ப் பக்கம் வீசி, “என் அரண்மனையைப் பாருங்கள் குடிகளே” என்று பாடினான். சின்னத்தம்பியின் ஆர்மோனியம் ஒரு கணம் நின்றது. ஜனங்கள் அத்தனை பேரும் வெறும் சுவரைப் பார்த்தார்கள். அதற்கு மேல் பார்க்க முடியாமல் வெளியே போய் நின்றேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. தொழிற்சாலையில் அவருக்குப் பிற்பகல் முறை என்பதால் அந்தோணிமுத்து பஸ் ரோடு வரைக்கும் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாதி இறக்கத்தில் ஒரு திருப்பம். அங்கிருந்து எதிர்ச் சரிவு முழுதும் தெரியும். பெண்கள் வரிசையாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் நின்றுவிட்டேன். பச்சைச் சரிவு நெடுக இடுப்பு உயரத்தில் அரண்மனை சிதறிக் கிடந்தது. ஒருத்தியின் இடுப்பில் மஞ்சள் வானம், அடுத்தவளிடம் தூணில் பாதி, அதற்கடுத்து இரும்புக் கேட்டு, கேட்டுக்கு வெளியே நீட்டிய கைகள் எங்கோ கீழ்வரிசையில். மயில் ஒன்று தனியாக மலை ஏறிக்கொண்டிருந்தது. எல்லாரும் வர்ணம் பூசிய பக்கத்தை வெளியே வைத்துத்தான் கட்டியிருந்தார்கள். தப்பித்தவறிக்கூட ஒருத்தி மாற்றிக் கட்டவில்லை.

ரோட்டோரமாகப் பறித்துக்கொண்டிருந்த சவரியம்மாவின் இடுப்பில் புகைபோக்கி புகைந்துகொண்டிருந்தது.

“பெரட்டில் துரை பார்த்தாரா?” என்று கேட்டேன்.

“பாத்தாருங்க. படங்கு கட்டணும்னாரு, கட்டியிருக்கோம்,” என்றார் கையை நிறுத்தாமல். “உள்பக்கம் வச்சா சேலையில வர்ணம் ஒட்டும்ல?”

ஒரு மாலைக்கு மட்டும் தொங்கியிருக்கவேண்டிய பங்களா, இனி ஒவ்வொரு நாள் விடியற்காலையிலும் பெரட்டில் துரை முன்னால் வந்து நிற்கும். அதை நினைத்துத் தோட்டத்துக்குள் வந்ததிலிருந்து முதல் தடவையாக நான் உரக்கச் சிரித்தேன். அந்தோணிமுத்து சிரிக்கவில்லை. வானத்தை அண்ணாந்து பார்த்தார். தூறல் விழுந்தது. மாக்கூழில் கரைத்த வர்ணம். எங்கள் கண்முன்னாலேயே ஒரு பெண்ணின் இடுப்பில் வானம் மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது. இந்த மலையில் மழைக்குப் பஞ்சமில்லை. ஒரு வாரம் தாங்கினால் அதிகம்.

பஸ் வந்தது. பையைக் கொடுக்கும்போது அவர் சொன்னார்: “அடுத்த வருசம் வரும்போது தூள் வேணாண்ணே. எண்ண வர்ணமா கொண்டாங்க. அது மழைக்குப் போகாது.”

கொழும்பு வந்து சேர்ந்த மறுநாள் ஒரு நடிகையின் கன்னத்துக்கு ரோஸ் பூச ஏணியில் ஏறினேன். நாற்பதடி முழுத் துணி. யாருடையது என்று யாரும் கேட்பதில்லை, நனைந்தால் வேறு துணி வரும். கை ஓடவில்லை. இறங்கிப் புறக்கோட்டைக்குப் போய் எண்ணெய் வர்ணம் வாங்கி வந்தேன். நீலம், மஞ்சள், செங்காவி. டப்பாக்கள் என் மேசைக்கடியில் இருக்கின்றன. அனுமதி கேட்காமல்தான் கொண்டுபோகப்போகிறேன்.